கோயில் நிற்கிறது, ஊரைக் காணோம்: வாரம் பெர்சியின் கதை

கேள்வி இதுதான். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் வாரம் பெர்சி என்ற இடத்தில் கூரையில்லாத பழைய தேவாலயம் ஒன்று புல்வெளிக்கு நடுவே தனியாக நிற்கிறது. சுற்றிலும் ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை. 1349இல் வந்த கொள்ளைநோயில் ஊரே செத்துப்போனதால்தான் இப்படி என்று படித்தேன், உண்மையா?

உண்மை இல்லை. நோய் வந்தது, ஆட்கள் செத்தார்கள், அதெல்லாம் சரி. ஆனால் அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு அந்த ஊரில் அடுப்பு எரிந்தது. கடைசியில் ஊரைக் காலி செய்தது செம்மறி ஆடு. இன்னும் சரியாகச் சொன்னால், ஆட்டு ரோமத்தின் விலையும் அதைக் கணக்குப் போட்ட நிலச் சொந்தக்காரரும். கொள்ளைநோய்க் கதை ஏன் இவ்வளவு பிரபலம் என்றால், அதில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை என்பது என் ஊகம்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். மால்டன் என்ற சந்தை நகரத்துக்குத் தென்கிழக்கே யார்க்ஷயர் வோல்ட்ஸ் என்கிற சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம் தொடங்குகிறது. மேலே அகலமான வயல்கள். இடையிடையே செங்குத்தாக இறங்கும் குறுகிய பள்ளத்தாக்குகள். சுண்ணாம்புக்கல் தண்ணீரைக் குடித்துவிடும், அதனால் மேட்டில் ஓடை கிடையாது. ஊற்று வெடிக்கும் பள்ளத்தாக்குதான் குடியிருக்கத் தோதான இடம். வாரம் பெர்சி அப்படிப்பட்ட ஒன்று. வீடுகள் பள்ளத்தாக்கின் மேற்குப் பக்க மேட்டில் வரிசையாக இருந்தன. கோயில் கீழே தண்ணீர்ப் பக்கம். இன்று வண்டி போகாது. மேலே சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு மண்பாதையில் இறங்க வேண்டும். கட்டணம் இல்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பெர்சி என்பது, 1066இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களின் வழிவந்த பெர்சி குடும்பத்தின் கிளை ஒன்று இங்கே நிலம் வைத்திருந்ததால் ஒட்டிக்கொண்டது. பக்கத்திலேயே வாரம்-லெ-ஸ்ட்ரீட் என்று இன்னொரு ஊர் உண்டு, அது இன்றும் இருக்கிறது. தமிழில் வாரம் என்றால் விளைச்சலில் நிலக்காரருக்கு அளக்கும் பங்கு. ஆங்கிலப் பெயருக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் இந்த ஊரின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது.

இங்கே மனிதர்கள் குடியேறியது மிகப் பழைய காலத்தில். இரும்புக்காலப் பண்ணைகளும் ரோமானியர் காலப் பண்ணைகளும் இருந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆங்கிலோ-சாக்ஸன் காலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய குடிகள். பிறகு எப்போதோ யாரோ ஒருவர் அளவுகோலை வைத்துக் கோடு போட்டதுபோல ஊரை ஒழுங்குபடுத்தியிருக்கிறார். நடுவில் பொதுப் புல்வெளி; அதைப் பார்த்தபடி வரிசையாக மனைகள்; ஒவ்வொரு மனைக்கும் முன்னால் வீடும் கொட்டிலும், பின்னால் நீளமான கொல்லை. நம் ஊர்க் கணக்கில் நத்தம் என்போமே, அதுபோல. இந்த ஒழுங்கு நார்மன் படையெடுப்புக்கு முன்பே வந்ததா, 1069-70 குளிர்காலத்தில் நார்மன் மன்னர் வில்லியமின் படை வடநாட்டை எரித்துப் பாழாக்கியதற்குப் பிறகு வந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக்கணக்கில் ஊரின் பெயர் இருக்கிறது. எனவே அதற்குள் வரி போடுகிற அளவுக்கு ஓர் ஊர் இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

இனி கோயில். புனித மார்ட்டின் பெயரில் உள்ளது. சுவர்களுக்குள்ளும் வெளியிலும் தோண்டிப் பார்த்ததில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கோயில்களின் கதை வெளிவந்தது. முதலில் 10ஆம் நூற்றாண்டு வாக்கில் மரத்தாலான சிறு கோயில். தூண் நட்ட குழிகள்தான் அதற்கு மிச்சமான சாட்சி. பிறகு அதே இடத்தில் சிறிய கல் கோயில். 12ஆம் நூற்றாண்டில் பெரியதாகக் கட்டினார்கள். அதே நூற்றாண்டின் கடைசியில் தெற்குப் பக்கச் சுவரை வளைவுகளாகத் திறந்து ஒரு தாழ்வாரம் சேர்த்தார்கள். அப்புறம் வடக்கேயும் ஒன்று. 14ஆம் நூற்றாண்டில் வடகிழக்கு மூலையில் ஒரு துணைக்கோயில். ஆள் பெருகப் பெருக அறை கூட்டும் குடும்ப வீடு மாதிரி, கோயிலும் பக்கவாட்டில் விரிந்துகொண்டே போனது.

அந்த விரிவுக்குக் காரணம் இந்த ஒரு ஊர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். புனித மார்ட்டின் கோயிலின் பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த திருச்சபை வட்டாரத்தில், ஐந்து ஊர்கள் இருந்தன: வாரம் பெர்சி, திக்ஸெண்டேல், ரெய்ஸ்தோர்ப், பர்டேல், டௌதோர்ப். ஐந்து ஊர்க்காரர்களும் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் இங்கேதான் வர வேண்டும். செத்தவர்களையும் மேட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வர வேண்டும். கதையின் பிற்பாதிக்கு இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் உச்சத்தில் இருந்தது 1300ஐ ஒட்டிய ஆண்டுகளில். அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்கவே மக்கள்தொகை நிலத்தின் தாங்குதிறனைத் தொட்டுக்கொண்டிருந்தது. வோல்ட்ஸ் மேட்டில் மண் மெலிந்த சரிவுகளைக்கூட உழுதார்கள். பிறகு அடிமேல் அடி. 1315 முதல் 1317 வரை விடாத மழையும் பெரும் பஞ்சமும். 1322இல் ஸ்காட்லாந்துப் படை யார்க்ஷயருக்குள் புகுந்து கொள்ளையடித்தது. அதற்கு அடுத்த ஆண்டு எடுத்த கணக்கில் இந்த ஊரின் நிலத்தில் பெரும்பகுதி தரிசு, தண்ணீரில் ஓடும் மாவாலைகளும் பயனில்லாமல் கிடக்கின்றன என்று பதிவாகியிருக்கிறது. கவனியுங்கள், கொள்ளைநோய்க்கு இன்னும் கால் நூற்றாண்டு இருக்கிறது. அதற்குள்ளேயே ஊர் ஒருமுறை படுத்து எழுந்துவிட்டது.

1349இல் நோய் வந்தபோது வோல்ட்ஸ் ஊர்கள் எல்லாமே கடுமையாக அடிபட்டன. இங்கேயும் சாவு அதிகமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இருபது ஆண்டு கழித்து, 1368இல், சுமார் 30 வீடுகளில் ஆள் இருப்பதாகக் கணக்கு சொல்கிறது. செத்துப்போன ஊரில் 30 வீட்டில் குடியிருக்க மாட்டார்கள். கொள்ளைநோய்க் கதையை உடைக்க இந்த ஒரு வரி போதும்.

ஆனால் நோய் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அதுவும் தப்பு. அது நேரடியாகக் கொல்லாமல் கணக்கை மாற்றியது. நாடு முழுக்க ஆள் குறைந்ததால் கூலி ஏறியது. சாப்பிடுகிற வாய் குறைந்ததால் தானிய விலை தளர்ந்தது. நல்ல மண்ணுள்ள ஊர்களில் நிலம் காலியாகக் கிடந்தது. மேட்டுநிலக் குடியானவர்கள் அங்கே போய்விடலாம், போனார்கள். இன்னொரு பக்கம் ஆங்கிலேய ரோமத்துக்கும் துணிக்கும் கிராக்கி. உழவுக்கு ஆள் வேண்டும், மாடு வேண்டும், விதை வேண்டும், அறுக்க மறுபடி ஆள் வேண்டும். ஆட்டுக்கு ஒரு மேய்ப்பரும் நாயும் போதும். மெலிந்த சுண்ணாம்பு மேட்டை வைத்திருக்கும் நிலக்காரர் இந்தக் கணக்கை எந்த வழியில் போட்டாலும் ஒரே விடைதான் வரும்.

நிலம் கைமாறியது இதற்கு வசதி செய்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1403ஐ ஒட்டி, பெர்சிகளின் உரிமை ஒரு பரிவர்த்தனையில் ஹில்டன் குடும்பத்துக்குப் போனது. ஹில்டன்கள் உள்ளூர்வாசிகள் இல்லை. வருமானம் வந்தால் சரி என்கிற தூரத்து உடைமையாளர்கள். 1458 வாக்கில் ஊரில் 16 வீடுகள். அதாவது தொண்ணூறு ஆண்டில் பாதி. யாரும் படையெடுத்து வரவில்லை, ஒரு பெரிய சம்பவமும் இல்லை. ஒரு குத்தகைக்காரர் வாரிசு இல்லாமல் சாகிறார், அந்த நிலம் மேய்ச்சலாகிறது. இன்னொருவர் வேறு ஊருக்குப் போகிறார், அதுவும் மேய்ச்சலாகிறது. ஊர்ப் பொது வயலில் ஒருவர் துண்டும் இன்னொருவர் துண்டும் அடுத்தடுத்து இருக்கும். எல்லோரும் சேர்ந்து உழுதால்தான் அந்த முறையே ஓடும். பாதிப் பேர் போனபின் மீதிப் பேரால் அதை இழுக்க முடியாது.

கடைசி அடி 1500ஐ ஒட்டி விழுந்தது. அதற்குள் இந்த மாதிரி ஊர் காலி செய்வது நாடு முழுக்கப் பெருகி, அரசுக்கே கவலை வந்துவிட்டது. ஊர் அழிந்தால் வரி கட்டுபவனும் இல்லை, படைக்கு ஆளும் இல்லை. 1489இல் இதைத் தடுக்க ஒரு சட்டம். அது பலிக்காததால் 1515இல் மறுபடி சட்டம். 1517இல் மன்னரின் தலைமை அமைச்சராக இருந்த கார்டினல் உல்சி ஒரு விசாரணைக் குழுவையே அனுப்பினார். அந்தக் குழுவின் பதிவில் வாரம் பெர்சிக்கு ஒரே ஒரு வரிதான்: ஹில்டன் பிரபு நான்கு ஏரை நிறுத்தினார், நான்கு குடியானவர் வீடுகள் இடிய விட்டார். ஏர் என்றால் இங்கே ஒரு குடும்பத்தின் பிழைப்பு. இந்தக் கணக்கை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. நான்கு ஏர், நான்கு வீடு, கதை முடிந்தது. அவர்களுக்கு நிலத்தில் நிலையான உரிமை இருந்திருந்தால் எதிர்த்து நின்றிருக்கலாம். பெரும்பாலான மேட்டுநிலக் குடியானவர்களுக்கு அது கிடையாது. குத்தகைக் காலம் முடிந்தால் வெளியே போக வேண்டியதுதான்.

நான்கு குடும்பம் என்பதால் இதைச் சிறிய விஷயம் என்று சொல்பவர்கள் உண்டு. 30 வீடு நான்கானது யாரும் துரத்தாமல்தானே என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. என் பதில்: வாடிக்கொண்டிருந்த மரம்தான், ஆனால் வெட்டியவர் கையில் கோடரி இருந்தது என்று விசாரணைக் குழுவே எழுதிவைத்திருக்கிறது.

சரி, ஊர் போன பிறகு கோயில் ஏன் நின்றது? இங்கேதான் அந்த ஐந்து ஊர்ப் பங்கு வருகிறது. வாரம் பெர்சியில் ஆள் இல்லாவிட்டாலும் திக்ஸெண்டேலில் இருந்தார்கள். பங்குக்கோயில் இருக்கும் இடத்தைச் சட்டென்று மாற்ற முடியாது. தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒன்றைக் கோயிலுக்குக் கொடுப்பது), கல்லறை உரிமை எல்லாம் அதனோடு பிணைந்தவை. எனவே ஆளில்லாத பள்ளத்தாக்கில் ஒரு கோயிலும் பாதிரியார் வீடும் மட்டும் தொடர்ந்தன. 1553இல் அந்தப் பாதிரியார் வீடு தீப்பிடித்து எரிந்தது. திக்ஸெண்டேல்காரர்கள் ஞாயிறுதோறும் பள்ளத்தாக்குகளைத் தாண்டி நடந்து வந்து, ஆட்டுக் கிடைகளுக்கு நடுவே வழிபட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒரு தலைமுறை இரண்டு தலைமுறை இல்லை, முந்நூறு ஆண்டுக்கும் மேலாக.

ஆள் குறைந்த கதையைக் கோயிலே தன் உடம்பில் எழுதிவைத்திருக்கிறது. மக்கள் பெருகியபோது சேர்த்த தாழ்வாரங்களை 1500ஐ ஒட்டிய காலத்தில் இடித்துவிட்டார்கள். திறந்திருந்த வளைவுகளைக் கல்லால் அடைத்தார்கள். இடித்த தாழ்வாரத்தின் ஜன்னல்களைக்கூட வீணாக்காமல் அடைத்த சுவரில் பொருத்திக்கொண்டார்கள். சில நூற்றாண்டு நீண்டிருந்த பீடப்பகுதியும் 17ஆம் நூற்றாண்டில் குட்டையாக்கப்பட்டது. ஊர் எத்தனை பேருக்குப் பெருகியது, எத்தனை பேருக்குச் சுருங்கியது என்று ஆவணம் இல்லாத இடங்களில் எல்லாம் இந்தச் சுவரைப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இங்கிலாந்தில் பழைய கோயில்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அழகில் இதைவிடச் சிறந்தவை ஏராளம். ஆனால் ஊரின் ஏற்ற இறக்கத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் கட்டடம் வேறு ஒன்றை உடனே சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது.

ஆடுகளும் நிரந்தரமாக இருக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் விவசாய முறை மாறி, தானியத்துக்கு நல்ல விலை வந்தபோது அதே நிலத்தை மறுபடி உழுது ஒரு புதிய பண்ணை வைத்தார்கள். 1853இல் பள்ளத்தாக்கு வழியாக மால்டன்-டிரிஃபீல்ட் ரயில் பாதை வந்தது. நூறு ஆண்டு ஓடிவிட்டு 1950களில் மூடப்பட்டது. 1870இல் திக்ஸெண்டேலுக்கே சொந்தமாக ஒரு கோயில் கட்டினார்கள். ஞாயிறு நடை முடிந்தது. அதன்பின் புனித மார்ட்டினுக்கு வருபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். கடைசி வழிபாடு 1949இல் நடந்தது. பிறகு கூரை போனது. 1959இல் மணிக்கோபுரத்தின் ஒரு பாதி சரிந்து விழுந்தது. படங்களில் கோபுரம் நெட்டாகப் பிளந்த மாதிரி தெரிவதற்குக் காரணம் அதுதான். அதைப் பார்த்து இடைக்காலத்துப் போரில் இடிந்தது என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நம் தாத்தா காலத்து இடிவு.

கடைசி வழிபாட்டுக்கு ஓர் ஆண்டு முன்னால், 1948இல், மாரிஸ் பெரஸ்ஃபர்ட் என்ற இளம் பொருளாதார வரலாற்று ஆசிரியர் இங்கே வந்தார். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். இங்கிலாந்தில் கைவிடப்பட்ட ஊர்கள் அபூர்வம் என்று பெரிய பேராசிரியர்களே எழுதிவைத்திருந்த காலம் அது. பெரஸ்ஃபர்ட் பழைய நில வரைபடங்களையும் வரிக் கணக்குகளையும் வைத்துக்கொண்டு, காகிதத்தில் இருக்கும் ஊர் தரையில் இல்லையே என்று ஒவ்வொரு இடமாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாரம் பெர்சியில் புல்லுக்கு அடியில் வீட்டுச் சுவர்களின் வரிசை மேடு மேடாக அப்படியே தெரிந்தது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது இன்றும் தெரியும்.

ஊர் எப்போது அழிந்தது என்பதற்குச் சான்று வேண்டும் என்று 1950இல் அவரே மண்வெட்டியை எடுத்தார். அவருக்கு அகழாய்வு தெரியாது. சுவர் எங்கே என்று தேடிக் குழி வெட்டினார். அகழாய்வுக்காரர்கள் பார்த்தால் கண்ணைப் பொத்திக்கொள்ளும் வேலை. நல்லவேளையாக 1952 வாக்கில் ஜான் ஹர்ஸ்ட் சேர்ந்தார். இடைக்காலப் பானை ஓடுகளை நன்றாக அறிந்த தொல்லியலாளர். ஆவணமும் ஆள் சேர்ப்பதும் பெரஸ்ஃபர்ட் பொறுப்பு, மண் ஹர்ஸ்ட் பொறுப்பு. டென்மார்க்கில் வழக்கத்தில் இருந்த முறையைக் கொண்டுவந்தார்கள்: ஆழமான ஒற்றைக் குழிகளை விட்டுவிட்டு, ஒரு வீட்டின் முழுப் பரப்பையும் திறந்து அடுக்கடுக்காக உரிப்பது. அதன்பின் ஆண்டுதோறும் ஜூலையில் சில வாரம், 1990 வரை நாற்பது கோடை. மாணவர்களும் தன்னார்வலர்களும் பண்ணையின் பழைய குடிசைகளில் தங்கி வேலை செய்தார்கள். ஆய்வறிக்கை 13 தொகுதிகளாக வந்து 2012இல்தான் முடிந்தது. இங்கிலாந்தில் கைவிடப்பட்ட இடைக்கால ஊர்கள் இன்று சுமார் 3,000 என்கிறார்கள். அபூர்வம் என்ற பேச்சு எங்கே போனதோ.

தோண்டியதில் கிடைத்தவற்றில் எனக்குப் பிடித்தவை சில மட்டும் சொல்கிறேன், எல்லாம் சொன்னால் இரவாகிவிடும்.

குடியானவர் வீடுகள் நீளமானவை. ஒரே கூரையின் கீழ் ஒரு முனையில் மனிதர்கள், மறுமுனையில் மாடுகள், நடுவில் குறுக்கே ஒரு வழி. சுவர்கள் மறுபடி மறுபடி வேறு வேறு கோட்டில் கட்டப்பட்டிருந்தன. அதைப் பார்த்து, தலைமுறைக்கு ஒருமுறை விழுகிற சொத்தை வீடுகள் என்று முதலில் எழுதினார்கள். பிறகு ஸ்டூவர்ட் ராத்மெல் என்ற ஆய்வாளர் அதே சான்றுகளைத் திருப்பிப் படித்தார். கூரையின் பாரத்தைச் சுவர் தாங்கவே இல்லை. வளைந்த மரங்களை ஜோடி ஜோடியாகச் சாய்த்து நிறுத்திய சட்டம்தான் தாங்கியது, சுவர் வெறும் அடைப்பு என்றார். அடைப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், வீடு நூறு ஆண்டு நிற்கும். ஒரே குழி, ஒரே கற்கள், ஆனால் குடிசைவாசிகள் ஒரே நாளில் கெட்டியான வீட்டுக்காரர்களாகிவிட்டார்கள். இன்னொன்று: பல வீடுகளில் தரை நடுவில் குழிந்திருந்தது. நாள் தவறாமல் பெருக்கிப் பெருக்கித் தேய்ந்த தரை. அவ்வளவு சுத்தமாகப் பெருக்கியதால்தான் உள்ளே பொருள் எதுவும் கிடைக்கவில்லை என்று ஆய்வாளர்கள் அலுத்துக்கொண்டார்கள்.

ஒரு குடியானவர் வீட்டைத் தோண்டிக்கொண்டே போனபோது அதற்கு அடியில் கல்லால் கட்டிய நிலவறை வந்தது. 12ஆம் நூற்றாண்டுப் பிரபு மாளிகையின் அடித்தளம். பிரபு வீடு போன இடத்தில் குடியானவர் வீடு, அது போன இடத்தில் ஆடு.

கோயிலிலும் கல்லறைத் தோட்டத்திலும் கிடைத்த எலும்புக்கூடுகள் 687. பெயர் தெரியாத சாதாரணக் கிராமத்தார் இத்தனை பேரை ஒரே இடத்தில் ஆராயக் கிடைப்பது அரிது. குழந்தைகளின் எலும்பை வேதியியல் முறையில் சோதித்ததில், இந்த ஊர்த் தாய்மார்கள் சுமார் ஒன்றரை வயது வரை பால் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. வளர்ந்த பிள்ளைகள் இன்றைய பிள்ளைகளைவிட நன்றாகவே குள்ளம். ஒரு மண்டையோடு மட்டும் தனிக் கதை: தலையில் பலமாக அடிபட்ட சுமார் நாற்பது வயது ஆள். உடைந்த எலும்பை யாரோ பக்குவமாகத் தூக்கி எடுத்து மூளை அழுத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள். 960க்கும் 1100க்கும் இடைப்பட்ட காலம். விளிம்பு எலும்பு நன்றாக ஆறியிருப்பதால் அந்த ஆள் பிழைத்துப் பல காலம் வாழ்ந்திருக்கிறார். மருத்துவமனை கிடையாது, மயக்க மருந்து கிடையாது. செய்தவர் வழிவழியாக வந்த நாட்டு வைத்தியராக இருக்கலாம்.

இனி கொஞ்சம் பயங்கரமான விஷயம். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, வீட்டுமனைகளின் நடுவே சில குழிகளில் 137 எலும்புத் துண்டுகள் கிடைத்தன. குறைந்தது பத்துப் பேருடையவை, 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலானவை. செத்த பிறகு கத்தியால் வெட்டி, உடைத்து, எரித்திருக்கிறார்கள். 2017இல் இதுபற்றிய ஆய்வு வெளியானது. பஞ்சத்தில் மனித மாமிசம் தின்றார்களா? அப்படியானால் வெட்டுக்காயம் மூட்டுகளில் இருக்க வேண்டும்; இங்கே தலை, கழுத்துப் பக்கம்தான் அதிகம். ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் என்ற வெறுப்பா? ஒருவர் எந்த மண்ணில் வளர்ந்தார் என்று காட்டிக்கொடுக்கும் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தைப் பல்லில் சோதித்தால் இந்த வட்டாரத்திலேயே வளர்ந்தவர்கள். மிச்சமிருக்கும் விளக்கங்களில் ஆய்வாளர்கள் அதிகம் சாய்வது இதன் பக்கம்: செத்தவர் எழுந்து நடந்து ஊரைப் பிடிப்பார் என்ற பயம். 12ஆம் நூற்றாண்டு யார்க்ஷயர்த் துறவி நியூபர்க் வில்லியம், பிணம் எழுந்து நடமாடியதையும் ஊரார் தோண்டி எடுத்து எரித்ததையும் நடந்த செய்தியாகவே எழுதிவைத்திருக்கிறார். பேய் ஓட்டுவது எல்லா ஊரிலும் உண்டு. இவர்கள் அதைக் கத்தியோடு செய்தார்கள், அவ்வளவுதான். இதை மட்டும் எடுத்து ‘ஜாம்பி கிராமம்’ என்று தலைப்புப் போட்டவர்களை நான் மன்னிப்பதாக இல்லை. பத்துப் பேர் எலும்பை வைத்து ஆறு நூற்றாண்டு மக்களுக்குப் பெயர் வைப்பது அநியாயம்.

நீங்கள் போவதாக இருந்தால் ஒரு யோசனை. எல்லோரும் பிளந்த கோபுரத்தைப் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கோயிலின் பக்கவாட்டுச் சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சுவருக்குள் பெரிய வளைவுகளின் வடிவம் தெரியும், உள்ளே கல் அடைத்திருக்கும், அடைப்பில் ஒரு ஜன்னல் இருக்கும். அந்த வளைவு வழியாகத்தான் ஒரு காலத்தில் தாழ்வாரத்துக்குப் போய் நின்றார்கள். அப்புறம் மேட்டில் ஏறி மனைகளின் மேல் நடங்கள். காலுக்கடியில் வாசல் எங்கே, கொல்லை எங்கே என்று நிலத்தின் ஏற்ற இறக்கமே சொல்லும். வழியில் மாடு மேய்ந்துகொண்டிருக்கலாம், கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொல்லிப் பலகை இருக்கும். சாத்திவிடுங்கள்.